பன்றியின் உடலும் தீட்டின் பொய்யும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் வரலாறு, இலக்கியம், இடஒதுக்கீடு என்று ஏதாவதொரு தலைப்பை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஆண்டு பன்றியின் உடலைப் பற்றிப் பேசுவது என்று மன்றத்தில் முடிவெடுத்தோம். அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிலர் கூச்சப்பட்டார்கள். நாம் பேச வேண்டியது அந்தச் சிரிப்பையும் கூச்சத்தையும் பற்றித்தான்.

நம் பிள்ளைகளைத் திட்டுவதற்கு ஒரு விலங்கின் பெயர் போதுமானதாக இருக்கிறது. 'பன்னி மேய்க்கிற சாதி' என்ற சொல்லை வகுப்பறையிலும் விடுதியிலும் கேட்டுக்கொண்டே படித்து வந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறோம். நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபான்ட்ரி' மராத்தித் திரைப்படம் 2013இல் வந்தது. பன்றி பிடிக்கும் கைகாடிக் குடும்பத்துச் சிறுவன், உடன் படிக்கும் பிள்ளைகளின் கண்ணெதிரே பன்றியைத் துரத்த வேண்டி வருவதை அந்தப் படம் காட்டுகிறது. அந்தப் பெயருக்குக் கைகாடி மொழியில் பன்றி என்றே பொருள். 2023இல் தமிழில் வந்த 'மாமன்னன்' படத்தின் நாயகன் பன்றி வளர்ப்பவன். நம் கலைஞர்கள் இந்த விலங்கைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதை அறிவியலின் மேசைக்கும் கொண்டுவருவது நம் வேலை.

இரண்டு கூற்றுகள்

பன்றியைப் பற்றிச் சாதிச் சமூகம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, பன்றி இயல்பிலேயே அழுக்கான விலங்கு. இரண்டு, ஆகவே அதை வளர்ப்பவரும் உண்பவரும் அழுக்கானவர்கள். இரண்டாவது கூற்றை நாம் நீண்டகாலமாக எதிர்த்து வருகிறோம். மனிதரின் மதிப்பை உணவு தீர்மானிப்பதில்லை என்று சொல்லி வருகிறோம். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய ஆய்வு நூலில், மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்குமான உறவை வரலாற்றின் வழியே தோண்டிப் பார்த்தார். ஆனால் முதல் கூற்றை நம்மில் பலர் சோதித்துப் பார்த்ததில்லை. 'பன்றி அழுக்குதான், ஆனாலும்...' என்று தொடங்கித்தான் நம் வாதமே போகிறது.

அந்த 'ஆனாலும்' தேவையா என்று இன்று பார்ப்போம். தோலில் தொடங்கி, மூக்கு, பல், குடல், கருப்பை, இதயம் என்று ஒவ்வொரு உறுப்பாகப் போவோம். அழுக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவோம்.

தோலும் சேறும்

பன்றி சேற்றில் புரள்கிறது. அழுக்கு என்பதற்கு முதல் சாட்சியாக எல்லோரும் காட்டுவது இதைத்தான்.

நமக்கு உடல் சூடேறினால் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. பன்றிக்கு இந்த வசதி இல்லை. அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. இருப்பவையும் உடலைக் குளிர்விக்கும் அளவுக்கு வேலை செய்வதில்லை. தோலுக்கு அடியில் கனமான கொழுப்பு அடுக்கு வேறு இருக்கிறது. கறிக்கடையில் நாம் 'வார்' என்று கேட்டு வாங்குவது அந்தத் தோலோடு ஒட்டிய கொழுப்பைத்தான். குளிர்காலத்தில் அது போர்வை. கோடையில் கழற்ற முடியாத கம்பளி.

வளர்ந்த பன்றியின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி செல்சியஸ். அதற்கு இதமான சுற்றுப்புற வெப்பம் 20 டிகிரியை ஒட்டியது. நம் ஊர்க் கோடையோ 40 டிகிரியைத் தொடுகிறது. வியர்க்க முடியாத உடல் என்ன செய்யும்? வெளியிலிருந்து ஈரத்தை எடுத்துப் பூசிக்கொள்ளும். வெறும் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். சேறு மெதுவாகத்தான் காயும், அதனால் குளிர்ச்சி நீண்ட நேரம் நிற்கும். வெயில் தோலைச் சுடாமல் காக்கிறது, உண்ணி போன்ற ஒட்டுண்ணிகளை உதிர்க்கவும் உதவுகிறது. நமக்கு வியர்வை செய்யும் வேலையைப் பன்றிக்குச் சேறு செய்கிறது.

சுத்தமான குட்டையும் நிழலும் இருந்தால் பன்றி அங்கே போகும். சாக்கடையைத் தவிர வேறு ஈரம் இல்லாத தெருவில் அது சாக்கடைக்குத்தான் போகும். சாக்கடையை வெட்டியது பன்றியல்ல. அதை எந்தத் தெரு வழியாக ஓடவிடுவது என்று முடிவு செய்ததும் பன்றியல்ல. ஊரின் கழிவுநீர் சேரிப் பக்கமாக வடிவது நில அமைப்பால் மட்டும் நேர்ந்தது என்று இங்கே யாரும் நம்ப மாட்டோம்.

இடம் கொடுத்தால் பன்றி எப்படி வாழும் என்பதையும் பார்க்க வேண்டும். போதுமான இடமுள்ள கொட்டிலில் பன்றிகள் படுக்க ஒரு மூலையையும் சாணம் போட வேறொரு மூலையையும் தாமே ஒதுக்கிக்கொள்கின்றன. பிறந்து சில நாட்களே ஆன குட்டிகள்கூடப் படுக்கையை விட்டு விலகிப்போய்த்தான் கழிக்கின்றன. நெருக்கி அடைத்தால்தான் இந்த ஒழுங்கு குலைகிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழ நேர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூஞ்சி

பன்றியின் முகத்தில் நம் கண்ணில் முதலில் படுவது அதன் தட்டையான, வட்டமான மூக்கு நுனி. உள்ளே குருத்தெலும்புத் தட்டும், அதைத் தாங்குவதற்கென்றே தனியாக ஒரு சிறு எலும்பும் இருக்கின்றன. இந்த எலும்பு இருப்பதால்தான் கடினமான மண்ணையும் முட்டிக் கிளற முடிகிறது. நுனித் தோலில் உணர்வு நரம்புகள் செறிந்திருக்கின்றன. நம் விரல் நுனி செய்யும் வேலையை அந்த மூக்கு செய்கிறது. மண்வெட்டியும் கையும் மோப்பக் கருவியும் ஒன்றாகச் சேர்ந்த உறுப்பு அது.

பன்றியின் மரபணுத் தொகுதி 2012இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அதில் மோப்பத்துக்கான மரபணுக்கள் மட்டும் செயல்படும் நிலையில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. மனிதரிடம் செயல்படுபவை ஏறத்தாழ 400. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு, வேர், புழு, பூஞ்சை எல்லாம் அதன் மூக்குக்கு எட்டும். பன்றி குப்பையைக் கிளறுகிறது என்று சொல்கிறோம். காட்டுத் தரையில் உணவு தேடுவதற்காக உருவான உறுப்பு அது. காட்டை எடுத்துவிட்டுக் குப்பைமேட்டைக் கொடுத்தால் அது குப்பைமேட்டைக் கிளறும்.

பல்லும் குடலும்

பன்றிக்கு நிரந்தரப் பற்கள் 44. நமக்கு 32. கோரைப்பற்கள் நீண்டு வளைந்து, ஆண் பன்றிக்கு வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் கடைவாய்ப் பற்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மாட்டின் பற்களைப் போலப் புல்லை அரைக்கும் வரிகள் அவற்றில் இல்லை. புலியின் பற்களைப் போலக் கறியை அறுக்கும் கூர்மையும் இல்லை. நம் கடைவாய்ப் பற்களைப் போலத் தாழ்ந்த, மழுங்கிய மேடுகள்தான் இருக்கின்றன. தாவரம், மாமிசம் இரண்டையும் உண்ணும் வாயின் அமைப்பு இது.

இரைப்பையும் அப்படித்தான். மாட்டுக்கு இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. பன்றிக்கு நம்மைப் போல ஒரே அறை. பிளவுண்ட குளம்பு இருந்தாலும் பன்றி அசைபோடுவதில்லை. யூத மறைநூல் பன்றியை விலக்கியதற்குச் சொல்லும் காரணமே இந்த இரண்டும் சேராத உடலமைப்புதான். வகைப்பாட்டில் பொருந்தாத உயிரைச் சமூகம் தீட்டு என்று ஒதுக்குகிறது என்று மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் எழுதினார். நாற்சாதி வகைப்பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்த வாதம் எளிதில் புரியும்.

வளர்ந்த பன்றியின் சிறுகுடல் சுமார் 18 மீட்டர் நீளம். பெருங்குடல் சங்குபோலச் சுருண்டு கிடக்கும். மனிதர் உண்ணும் எதையும் செரிக்கும் குடல் அது. மனிதரால் செரிக்க முடியாத நார்ப்பொருளில் ஒரு பகுதியையும் பெருங்குடல் நுண்ணுயிர்களின் உதவியோடு பயன்படுத்திக்கொள்ளும்.

'ஆனால் அது மலத்தைத் தின்கிறதே' என்பது அடுத்த கேள்வி. தின்கிறது. முயலும் தன் மென்கழிவைத் தானே உண்கிறது, அதன் செரிமானத்துக்கு அது அவசியம். நாயும் மலம் தின்னும். முயலை யாரும் அருவருப்பதில்லை, நாய் வீட்டுக்குள் படுத்துக்கொள்கிறது. மனித மலத்தில் செரிக்காத சத்து மிச்சமிருக்கிறது. பசித்த பன்றி அதை உண்கிறது. நல்ல தீவனம் போட்டு வளர்க்கும் பன்றி மலத்தைத் தேடி அலைவதில்லை. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். வெட்டவெளியில் மனித மலம் ஏன் கிடக்கிறது?

சினையும் பாலும்

பெண் பன்றி 6 முதல் 8 மாதத்தில் பருவமடைகிறது. 21 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும், 2 அல்லது 3 நாள் நீடிக்கும். சினைக்காலம் 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கருப்பை இரண்டு நீண்ட கொம்புகளாகப் பிரிந்திருப்பதால் ஒரே நேரத்தில் பல குட்டிகளைச் சுமக்க முடிகிறது. மேம்படுத்தப்பட்ட இனங்கள் ஓர் ஈற்றில் 8 முதல் 12 குட்டிகள் வரை போடும். நாட்டுப்பன்றி அதைவிடக் குறைவாகப் போடும்.

குட்டி போடுவதற்கு முந்தைய நாள் தாய்ப்பன்றி கூடு கட்டுகிறது. வைக்கோலையும் குச்சியையும் வாயில் கவ்விக் கொண்டுவந்து, காலால் குழி பறித்துப் படுக்கை செய்கிறது. அதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. பிறந்த மனிதக் குழந்தையின் உடலில் வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. பன்றிக் குட்டிக்கு அது இல்லை. அதற்குத் தேவையான மரபணு ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பன்றிகளின் மூதாதையரிடம் சிதைந்துவிட்டது. குட்டி நடுங்கித்தான் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு 32 டிகிரிக்கு மேலான வெப்பம் தேவை. கூடு இல்லாவிட்டால் குளிரிலேயே செத்துப்போகும்.

பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குப் போவதில்லை. குட்டி எந்தக் காப்பும் இல்லாமல் பிறக்கிறது. முதல் ஒரு நாளைக்குள் சீம்பால் குடித்தால்தான் பிழைக்கும். அதற்குப் பிறகு அந்தப் பொருள்களை ஏற்கும் வழியைக் குடல் அடைத்துக்கொள்ளும்.

தாய்க்குப் பெரும்பாலும் 10 முதல் 14 முலைக்காம்புகள் இருக்கும். முதல் சில நாட்களில் குட்டிகள் முட்டி மோதி ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு பால்குடி மறக்கும்வரை ஒவ்வொன்றும் தன் காம்பிலேயே குடிக்கும். ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒருமுறை தாய் உறுமி அழைக்கும். பால் சுரப்பது சுமார் 20 நொடிதான்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் ஒரு படலம் இருக்கிறது. தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அடுத்த படலத்தில் அந்தக் குட்டிகள் பாண்டியனுக்கு மந்திரிகளாகின்றன. திருமாலின் அவதாரங்களில் ஒன்று வராகம், மாமல்லபுரத்தில் அதற்கென்று குகையே குடைந்திருக்கிறார்கள். பன்றி உருவம் பொறித்ததால் ஒரு பொற்காசுக்கே வராகன் என்று பெயர் வந்தது. தொல்காப்பிய மரபியல் பன்றியின் குட்டிக்கும் புலியின் குட்டிக்கும் குருளை என்ற ஒரே சொல்லைத் தருகிறது. கடவுளும் காசும் இலக்கணமும் பன்றியைத் தொட்டிருக்கின்றன. அப்போதெல்லாம் தீட்டு ஒட்டவில்லை. பன்றியை நாம் தொட்டபோதுதான் ஒட்டியது. அப்படியானால் தீட்டு விலங்கின் உடலில் இருந்ததில்லை என்று ஆகிறது.

மண்ணைப் பற்றி இன்னொரு செய்தி. பன்றிக் குட்டி பிறக்கும்போது அதன் உடலில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புச்சத்துதான் இருக்கும். நாளொன்றுக்குத் தேவை 7 மில்லிகிராம் அளவில். தாய்ப்பால் தருவது 1 மில்லிகிராம் அளவில். ஒரு வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். திறந்தவெளியில் பிறந்த குட்டி மண்ணைக் கிளறித் தின்று குறையை ஈடுகட்டுகிறது. சிமெண்ட் தரையில் பிறந்த குட்டிக்கு மண் கிடைப்பதில்லை. இரத்தசோகையில் வெளுத்துப் போகும். அதனால்தான் பண்ணைகளில் பிறந்த சில நாட்களில் இரும்புச்சத்து ஊசி போடுகிறார்கள். அழுக்கு என்று நாம் துடைத்துவிட்ட மண்ணைத்தான் ஊசி வழியாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

நாடாப்புழுவின் பாதை

இப்போது கடினமான இடத்துக்கு வருவோம். பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்த நோயை மறைக்கவும் கூடாது, தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது.

பன்றி நாடாப்புழுவின் வாழ்க்கை இரண்டு உடல்களில் நடக்கிறது. வளர்ந்த புழு வாழ்வது மனிதக் குடலில் மட்டுமே. அது பல மீட்டர் வரை நீளும். அதன் முட்டைகள் மனித மலத்தில் ஆயிரக்கணக்கில் வெளியேறுகின்றன. அந்த மலத்தைப் பன்றி தின்றால், முட்டையிலிருந்து வரும் இளம்புழு பன்றியின் தசையில் கொப்புளமாகத் தங்கும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் மனிதர் உண்டால், மனிதக் குடலில் நாடாப்புழு வளரும். பெரும்பாலும் குடலோடு நிற்கும் தொல்லை அது.

மூளைக்குப் போகும் நோய் வேறு வழியில் வருகிறது. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் கை வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ, கழுவாத கீரை வழியாகவோ இன்னொரு மனிதரின் வாய்க்குப் போக வேண்டும். அப்போதுதான் இளம்புழு மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும். அதாவது மூளைப்புழு நேராகப் பன்றிக்கறியிலிருந்து வருவதில்லை. மனித மலத்திலிருந்து வருகிறது. பன்றிக்கறியைத் தொட்டேயிராத சைவருக்கும் இந்த நோய் வரும், வந்திருக்கிறது. இந்தப் புழு பரவியுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதுதான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்தச் சங்கிலியை எங்கே அறுக்கலாம்? கறியை நன்றாக வேகவைத்தால் ஒரு கண்ணி அறும். பன்றிக்குக் கொட்டிலும் தீவனமும் கொடுத்தால் இன்னொரு கண்ணி அறும். எல்லோருக்கும் தண்ணீரோடு கூடிய கழிப்பறை, மலம் மண்ணிலும் நீரிலும் கலக்காத சாக்கடை அமைப்பு, நாடாப்புழு உள்ளவருக்கு மருந்து என்று இருந்தால் சங்கிலியே இல்லாமல் போகும். நோய் பன்றியில் பிறப்பதில்லை. நாம் போட்ட மலம் பன்றி வழியாகச் சுற்றி வருகிறது. அந்த மலத்தை அள்ளவும் ஒரு சாதி, அதைத் தின்னும் விலங்கை வளர்க்கவும் ஒரு சாதி என்று பங்கு பிரித்து வைத்துவிட்டு, போட்டவர் மட்டும் சுத்தமாக இருக்கிறார்.

நம் உடலுக்குள் பன்றி

பன்றியின் இதயத்துக்கு நம் இதயத்தைப் போலவே நான்கு அறைகள். அளவும் இரத்தக் குழாய்களின் அமைப்பும் நம்முடையதற்கு நெருக்கமானவை. 1960களிலிருந்தே பன்றியின் இதய வால்வுகளைப் பதப்படுத்தி மனித இதயத்தில் பொருத்தி வருகிறார்கள். தீப்புண்ணைத் தற்காலிகமாக மூடப் பன்றித் தோல் பயன்படுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. மாரடைப்பு வந்து மருத்துவமனைக்குப் போகிறவரின் சாதி எதுவானாலும் அந்த மருந்து ஏறும்.

மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. பன்றியின் இன்சுலின் அதிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் மாறுபடுகிறது. மாட்டின் இன்சுலின் மூன்றில் மாறுபடுகிறது. 1982இல் மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்த மனித இன்சுலின் சந்தைக்கு வரும்வரை, சர்க்கரை நோயாளிகள் அறுபது ஆண்டுகளாகப் பன்றி, மாடு இவற்றின் கணைய இன்சுலினில்தான் உயிர் வாழ்ந்தார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர்கள் 57 வயது நோயாளி ஒருவருக்கு மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். பத்து மரபணுக்களில் மாற்றம் செய்யப்பட்ட அந்த இதயத்தோடு அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார்.

இந்த உறவு புதியதல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோம் நகரில் மருத்துவர் கேலன், கத்திக்கொண்டிருந்த பன்றியின் குரல்வளை நரம்பை எல்லோர் முன்பும் அறுத்துக் காட்டினார். கத்தல் நின்றது. குரலை ஆள்வது மூளை என்பதை அப்படித்தான் மெய்ப்பித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் சலெர்னோ மருத்துவப் பள்ளியில் மனித உடலைப் புரிந்துகொள்ளப் பன்றியின் உடற்கூற்றைத்தான் பாடமாக வைத்தார்கள். பன்றியின் வலியையும் நாம் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மனிதரின் மருத்துவ அறிவில் பெரும்பங்கு அந்த வலியின் மீது கட்டப்பட்டது.

நம் நாட்டில் 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனிதப் பிணத்தை அறுத்தபோது, சாதி விலக்கை மீறிய துணிச்சல் என்று கொண்டாடினார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் செத்த உடலை அறுத்து, தோலையும் நரம்பையும் குடலையும் எலும்பையும் பிரித்தறிந்த மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தார்கள். அதே வேலைக்கு ஒருவருக்குப் புகழ் கிடைத்தது, இவர்களுக்குத் தீண்டாமை கிடைத்தது.

பழி சுமக்கும் விலங்கு

2009இல் ஒரு புதிய காய்ச்சல் பரவியது. அதைப் பன்றிக் காய்ச்சல் என்றார்கள். அந்த வைரஸின் மரபணுக்கள் பன்றிகளிடையே சுற்றிய வைரஸ்களிலிருந்து வந்தவைதான். ஆனால் அது பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்கு. உலக சுகாதார நிறுவனமே அந்தப் பெயரைக் கைவிட்டது. அதற்குள் எகிப்து அரசு நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. அப்போது அந்த நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லை. கெய்ரோ நகரின் குப்பையை அள்ளி, மக்கும் கழிவைத் தம் பன்றிகளுக்குப் போட்டு வாழ்ந்தவர்கள் சபாலீன் எனப்படும் மக்கள். பெரும்பாலும் காப்டிக் கிறித்தவர்கள், நகரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களின் பிழைப்பு ஓர் உத்தரவில் போனது. காய்ச்சல் நிற்கவில்லை. தின்னப் பன்றி இல்லாமல் தெருக்களில் உணவுக் கழிவு அழுகிக் குவிந்தது.

பன்றி வழியாக வரும் நோய்கள் உண்மையிலேயே உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கும் வைரஸ், நெல்வயல் தண்ணீரில் வளரும் கொசு வழியாகப் பன்றிக்கு வருகிறது. பன்றியின் இரத்தத்தில் பெருகுகிறது. மீண்டும் கொசு வழியாக மனிதருக்குப் போகிறது. நெல்வயல், பறவை, கொசு, பன்றி நான்கும் சேர்ந்த சங்கிலி இது. நெல்வயலைத் தீட்டு என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும், கொட்டிலைக் குடியிருப்பிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும், கொசுவைக் கட்டுப்படுத்த வேண்டும். 1998-99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிடமிருந்து பெரும் பண்ணைகளின் பன்றிகளுக்கு வந்து, மனிதருக்குப் பரவி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நோயைத் தடுக்கத் தேவைப்படுவது இடைவெளியும் மருத்துவமும் திட்டமிடலும். அவமதிப்பு எந்த நோயையும் தடுத்ததில்லை. 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிகளைக் கூட்டமாகக் கொல்கிறது. அதில் அழிவது வளர்ப்பவரின் சேமிப்பு.

வெண்பன்றியும் கரும்பன்றியும்

நம் ஊரில் இப்போது பன்றிக்கு இரண்டு வாழ்க்கை. வெண்பன்றிப் பண்ணை என்றால் பயிற்சி உண்டு, வங்கிக் கடன் உண்டு, தொழில்முனைவோர் என்ற பெயர் உண்டு. குறவர், காட்டுநாயக்கர், அருந்ததியர் குடும்பங்கள் தெருவோரம் வளர்க்கும் கரும்பன்றி என்றால் பொதுச் சுகாதாரக் கேடு. ஆட்கள் வண்டியோடு வந்து பிடித்துப் போகிறார்கள், கேட்டால் பதில் இல்லை. இரண்டும் ஒரே இனம். இரண்டுக்கும் 38 குரோமோசோம்கள், 44 பற்கள், 114 நாள் சினை. வெயிலைத் தாங்குவதில் கருந்தோல் உள்ள நாட்டுப்பன்றிக்கு ஒரு படி கூடுதல் வலுவே உண்டு, வெண்தோல் வெயிலில் வெந்துபோகும். பன்றியின் உடல் மாறவில்லை. அதன் பக்கத்தில் நிற்கும் மனிதர் மாறியிருக்கிறார்.

அந்தக் குடும்பங்களிடம் அறிவு இருந்தது, இருக்கிறது. ஆண் குட்டியை இளமையிலேயே காயடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கறி நாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண் பன்றியின் விரையில் சுரக்கும் ஒரு பொருள் கொழுப்பில் தங்குவதால்தான் அந்த வாடை என்று அறிவியல் பிறகு விளக்கியது. எந்தத் தாய் எத்தனை குட்டியைக் காப்பாற்றும், எந்தக் குட்டிக்குக் காம்பு கிடைக்கவில்லை, எது குளிரில் நடுங்குகிறது என்று நம் பாட்டிமார் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள். அதை எழுதி வைக்க அவர்களுக்குப் பள்ளி கொடுக்கப்படவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. நகரிலும் கிராமத்திலும் பன்றி வளர்ப்போருக்குக் குடியிருப்பிலிருந்து தள்ளி, தண்ணீரும் நிழலும் உள்ள பொதுக் கொட்டில் நிலம் வேண்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும் கால்நடை மருத்துவர் பன்றிக்கும் வர வேண்டும். நோயிலோ அரசு உத்தரவிலோ பன்றி இழந்தால் இழப்பீடு வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் கழிப்பறையும் மூடிய சாக்கடையும் வேண்டும். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலும் 2013இலும் வந்தது. அது தாளில் இருந்து தெருவுக்கு இறங்க வேண்டும். இந்தத் தொழிலை விட்டு வெளியேற விரும்புகிறவருக்கு வேறு தொழிலும், தொடர விரும்புகிறவருக்கு மரியாதையும் வேண்டும். எதைத் தேர்வதென்று அவரே முடிவு செய்ய வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் விலங்கியலும் கால்நடை மருத்துவமும் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பன்றி வளர்ப்பைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களோடு எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் படித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டில் எது முந்தியது என்பது அப்போது தெரியும்.

தோலில் தொடங்கி இதயம்வரை தேடிப் பார்த்தோம். பன்றியின் உடலில் தீட்டு என்று ஓர் உறுப்பு இல்லை, அதைச் சுரக்கும் சுரப்பியும் இல்லை. இனி யாராவது 'பன்றி மேய்த்தவர் பிள்ளை' என்று சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்த விலங்கைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்போம்.